கந்தோர் வீட்டு மருமகன்

மருதமுனையின் வடக்குத் தொங்கலில், பெரியநீலாவணைக்குத் திரும்புகிற கடற்கரை ஒழுங்கையில், ஆம்பிளைக்கு முகவரி என்று ஒன்று கிடையாது. வீடு பொம்பிளையுடையது. வாப்பா மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடியேறுகிறான். ஆகையால் ஒருத்தன் எந்தப் பொம்பிளையின் வீட்டில் சோறு தின்கிறானோ, அந்த வீடுதான் அவனுடைய முகவரி. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர், ஊரே அண்ணன் முறையில் அழைக்கிற பளீல் காக்கா. தானே கண்டுபிடித்ததாக அவரே ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதனால் அதில் யாருக்கும் மறுப்பு இல்லை.

அவர் தலை நரைக்கும்வரை அந்த ஒழுங்கைகளில் தபால் கொடுத்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஆனால் தபால் கொடுப்பதற்குப் படிப்பு அவசியமில்லை, சந்தேகம்தான் அவசியம் என்பது அவருடைய கட்சி. ஒரு பதிவுத் தபால் வருகிறது; மேலே ஒரு பேர் இருக்கிறது. அந்தப் பேரில் ஒழுங்கைக்கு மூன்று பேர் இருப்பார்கள். வாப்பாவின் பேரைக் கேட்டால் அதிலும் இரண்டு பேர் ஒத்துப்போவார்கள். உம்மாவின் பேரில்தான் ஆள் பிரிவான். ஆகவே பளீல் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒற்றைக் காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்பார்:

"உம்மாட பேர் என்ன?"

எதிரே நிற்பவர் பள்ளிவாசல் நம்பிக்கையாளராக இருக்கட்டும், நேற்றுக் கலியாண வீட்டில் இவரோடு ஒரே சஹன் தட்டில் கை நனைத்தவராக இருக்கட்டும், உம்மாவின் பேரைச் சொல்லாமல் கையெழுத்துப் போட முடியாது.

"என்ன பளீல், என்னத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும். தபாலுக்குத் தெரியாது."

ஊர் சிரிக்கும். சிரித்தவனுடைய கடிதம் ஒருநாளும் வேறு வீட்டுக்குப் போனதில்லை என்பதை மட்டும் ஊர் சொல்லாது. அதையும் பளீல்தான் சொல்ல வேண்டும், சொல்வார்.

அவர் வேலை பார்த்த உப தபால் கந்தோர் அவர் குடியிருந்த வீட்டோடு ஒட்டியது. வீட்டின் முன் விறாந்தைதான் கந்தோர். இந்த மாதிரிச் சின்னக் கந்தோர்களுக்கு அரசாங்கம் கட்டடம் கட்டுவதில்லை. பதவி பெற்ற ஆளே இடம் கொடுக்க வேண்டும். முதலில் பதவி பெற்றவர் மீராலெப்பை. விறாந்தையை மறித்துப் பலகை அடித்து, சுவரில் சிவப்புப் பெட்டியை மாட்டி, மேசையைப் போட்டு உட்கார்ந்தவர். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. வீடு சீதனமாக மகள் றுகையாவுக்குப் போனது. அவளும் ஊர் கண்டறியாத அளவுக்குப் படித்தவள், எஸ்.எஸ்.சி. பாஸ். எனவே வாப்பாவுக்குப் பிறகு கதிரையும் அவளுக்கே வந்தது. றுகையாவுக்குப் பிறகு வீடும் கதிரையும் அவள் மகள் ஜெனூபாவுக்கு. இப்படி அந்தக் கந்தோர் தாய்வழி நகை மாதிரி ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்கு இறங்கி வந்தது.

இதில் பளீலின் இடம் எங்கே? அவர் சாய்ந்தமருதில் கரைவலை இழுத்த மனிதனின் மகன். றுகையாவைக் கலியாணம் முடித்து, ஒரு தகரப் பெட்டியும் பழைய சைக்கிளுமாக வந்து சேர்ந்தவர். வந்த நாளில் ஊர் அவரை "போஸ்மாஸ்டர்ர மருமகன்" என்றது. மாமனார் மவுத்தானதும் "போஸ்மிஸ்ஸிட மாப்பிள்ளை" என்றது. றுகையா ஓய்வு பெற்றதும் "ஜெனூபா மிஸ்ஸிட வாப்பா" என்கிறது. ஊரில் எல்லாருடைய உம்மாவின் பேரும் அவருக்குத் தெரியும். அவருடைய உம்மாவின் பேரை அந்த ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அதற்காக அவர் குறைந்துபோய் விடவில்லை. "என்ட கந்தோர்" என்றுதான் சொல்வார். சொல்ல உரிமையும் இருந்தது. சண்டைக் காலத்தில் ஒழுங்கையின் அந்த முனையிலும் இந்த முனையிலும் துவக்கோடு நின்றவர்கள், யாருக்கு யார் என்ன எழுதுகிறார்கள் என்று இவரைத்தான் பிடித்து விசாரித்தார்கள். இரண்டு பக்கமும் ஒருசேரச் சந்தேகப்பட்ட மனிதன் அந்த வட்டாரத்தில் இவர் ஒருத்தர்தான். அப்போதும் தபால் பை ஒருநாளும் பிந்தியதில்லை. பின்பு கடல் பொங்கி வந்தபோது முன்சுவரும் சிவப்புப் பெட்டியும் போயின. சனம் தகரமும் அரிசியும் தேடி அலைந்த நேரத்தில், பளீல் ஒரு தென்னந்தோட்டத்து மணலுக்குள்ளிருந்து அந்தப் பெட்டியைத் தோண்டி எடுத்துத் தோளில் சுமந்து வந்தார். பைத்தியம் என்றார்கள். இன்றைக்கும் அதே பெட்டிதான். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். போய்ப் பார்த்தால் தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டில் போன வருசம் ஒரு பெரிய அடி விழுந்தது. ஜெனூபாவின் மாப்பிள்ளை ஷிப்லி கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்தவன், சுபஹுத் தொழுகைக்கு கை கால் கழுவி வுழூச் செய்யக் குனிந்தான், நிமிரவில்லை. பதினாலு வயது மகள் ஹிமாயாவையும் ஜெனூபாவையும் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

ஜெனூபா இத்தா இருக்க வேண்டும். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆம்பிளை கண்ணில் படக்கூடாது. வீடும் கந்தோரும் ஒரே கூரை. இரண்டுக்கும் நடுவே கதவு இல்லாத ஒரு நிலை மட்டும்தான். றுகையா தறியில் நெய்த தடித்த கட்டில் விரிப்பு ஒன்றை எடுத்து அந்த நிலையில் தொங்கவிட்டாள். திரைக்கு இந்தப் பக்கம் அரசாங்கம், அந்தப் பக்கம் இத்தா.

ஜெனூபாவின் கதிரையில் இருக்கப் பதில் ஆள் ஒருத்தியை அனுப்பினார்கள். அவள் பேர் கேதீஸ்வரி. ஊர் ஆலையடிவேம்பு. அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில். அங்கிருந்து இத்தனை ஊரைத் தாண்டி, இத்தனை கந்தோரைத் தாண்டி, பஸ் ஏறி ஒரு பொம்பிளை இங்கே எதற்கு வர வேண்டும்? பளீலின் மூளையில் முதல் மணி அங்கே அடித்தது.

முதல் நாளே நேராகக் கேட்டார்.

"மிஸ்ஸிட அம்மாட பேர் என்ன?"

கேதீஸ்வரி கைப்பையை மேசையில் வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன காக்கா, கலியாணம் பேச வந்த ஆள் மாதிரிக் கேக்கிறீங்க? எனக்கு முடிஞ்சு ரெண்டு புள்ளையும் கிடக்கு."

"இல்ல, சும்மா ஒரு வழக்கம்."

"அம்மாட பேர் கனகம்மா. மறுகா, இந்த விறாந்தைக்கு வேற வாசல் ஒண்டும் இல்லையா?"

இரண்டாவது மணி. வந்த நேரத்தில் வாசலைப் பற்றி எதற்கு விசாரிக்கிறாள்?

அன்றிலிருந்து பளீல் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். மகளுக்குக் காவல் என்று ஊருக்குச் சொன்னார். கண் என்னவோ கேதீஸ்வரியின் கையில்தான். அவள் முத்திரையைக் கிழித்தால் பார்ப்பார். அரக்கை உருக்கினால் பார்ப்பார். ஃபோனில் கதைத்தால் செவியைச் சாய்ப்பார். அவள் வேலையில் பிழை பிடிக்க முடியவில்லை. பிழை இல்லாத ஆளிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும் என்பது கரைவலைக்காரன் பிள்ளைக்குத் தெரியாதா? அசையாத தண்ணீரில்தான் சுழி இருக்கும்.

ஒருநாள் அவள் வெளியே போய், ஒழுங்கையில் நின்று, ஃபோனைத் தூக்கி வீட்டின் முகப்பைப் படம் பிடித்தாள். சிவப்புப் பெட்டியைத் தனியாக ஒரு படம்.

"என்னத்துக்கு மிஸ் படம்?"

"ஆசையா இருக்கே காக்கா, அதான்."

"பெட்டியா?"

"ஓம். நசுங்கின பக்கம் ஆள்ட சிரிப்பு மாதிரி இருக்கு."

பெட்டியைப் பார்த்து ஆசைப்படுகிற பொம்பிளையை அவர் அதுவரை கண்டதில்லை. நம்பவும் இல்லை.

அதைவிடப் பெரிய சங்கதி மத்தியானத்தில் நடந்தது. லுஹர் பாங்கு சொன்னதும் கந்தோர்ப் பலகையைச் சாத்திவிட்டு, சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு, கேதீஸ்வரி திரையை விலக்கி உள்ளே போய்விடுவாள். பளீல் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் இன்னும் உள்ளேதான். குசுகுசுவென்று கதை. ஒருநாள் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. இத்தா வீட்டில் சிரிப்பு! அவள் அந்தப் பக்கத்தில் என்ன தேடுகிறாள்? வீட்டு உறுதிப் பத்திரம் இருக்கிற அலுமாரி அந்த அறையில்தான் இருக்கிறது.

போய் மௌலவியிடம் கேட்டார். "மௌலவி, இத்தா இருக்கிற புள்ளையோட வெளிப் பொம்புள உக்காந்து சோறு தின்னலாமா?"

"பொம்புளையோட பொம்புள இருக்கிறதுக்கு என்ன காக்கா?" என்றார் மௌலவி. "தனிய இருக்கிற புள்ளைக்கு ஒரு துணைதானே."

அந்த வழியும் அடைத்துப்போனது.

ஒழுங்கைக்கு எதிரே ஜவுபரின் தேத்தண்ணிக் கடை. ஜவுபர் நல்லவன்தான்; ஆனால் சந்தேகத்துக்குச் சீனி போட்டுக் கலக்கித் தருகிற கை அவனுக்கு. ஒரு காலையில் பளீலுக்குப் பிளேன்டீயை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான்.

"காக்கா, உங்கட கந்தோர் போகப் போகுதாமே?"

"எங்க போகுது? கால் முளைச்சிட்டா?"

"பிரதான வீதியில, மருந்துக் கடைக்குப் பக்கத்து அறையக் கழுவி வெள்ளை அடிக்கிறாங்க. உங்கட கேதீஸ் மிஸ் நேத்துப் பஸ்ஸ விட்டு இறங்கி அங்கதான் நிண்டு அளந்திட்டு நிண்டா. என்ட ரெண்டு கண்ணால கண்டன்."

"என்னத்த அளந்தா?"

"வாசல."

பளீல் பிளேன்டீயைக் கீழே வைத்தார். வாசல்! முதல் நாளே வாசலைக் கேட்டவள்.

"இண்டைக்கு வீதிக்குப் போகும்," என்றான் ஜவுபர். "நாளைக்கு அங்கால, அவங்கட ஊர்ப் பக்கம் போகும். மறுகா நம்மட புள்ளைக்குக் கதிரையும் இல்ல, ஒண்டும் இல்ல. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதீங்க."

பளீல் எழும்பி வீட்டைப் பார்த்தார். நசுங்கிய சிவப்புப் பெட்டி வெயிலில் நின்றது. கந்தோர் போனால் அந்த வீடு வெறும் வீடு. அவர் வெறும் கிழவன். "எந்த வீட்டுக் காக்கா?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு சொல் இருக்காது. கரைவலைக் குடிலிலிருந்து எழும்பி வந்து, ஊரில் பேர் சொல்லும்படி நின்ற மனிதன், ஆலையடிவேம்பிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருத்தியிடம் தோற்பதா?

வீட்டுக் கொட்டிலில் பழைய சைக்கிள் கிடந்தது; அதில் ஒரு தடித்த சங்கிலியும் பூட்டும். எடுத்து வந்தார். சிவப்புப் பெட்டியின் வயிற்றைச் சுற்றி, சன்னல் கம்பிக்குள் விட்டு, இறுக்கிப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். கடலே வந்தாலும் இனி எடுக்காது. பூட்டின் திறப்பைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெரியவர் யாரிடமாவது முறையிட்டு வருவோம் என்று கல்முனைக்கு பஸ் ஏறினார்.

போன இடத்தில் பார்க்க வேண்டிய ஆள் இல்லை. "நாளைக்கு வாங்க" என்றார்கள். பளீல் அதையும் சந்தேகித்தார். ஒரு மரத்தடியில் நின்று யோசித்தார், ஒரு சோடா குடித்தார், திரும்பவும் போய்ப் பார்த்தார். இல்லைதான். பின்னேரம் ஒழுங்கைக்குள் திரும்பி வந்தபோது கந்தோர் வாசலில் சனம்.

அவர் செய்த காரியத்தில் ஒரு சின்னப் பிசகு இருந்தது. பெட்டியின் அடியில், கடிதங்களை வெளியே எடுக்கிற சின்னக் கதவு ஒன்று உண்டு. சங்கிலி அதன் குறுக்கே விழுந்திருந்தது. பெட்டியில் போட்டதெல்லாம் உள்ளே, திறப்பு கல்முனையில். பை எடுக்கிற வான் வந்து, நின்று, ஹோன் அடித்து, போயேவிட்டது.

பளீலுக்குப் பிறகு தபால் கொடுக்க வந்தவன் பெரியநீலாவணை நிலக்சன். அவன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்றான். பக்கத்தில் அதே ஊர்ப் பிள்ளை றொசானி, அழுதுகொண்டு. ஆஸ்பத்திரித் தாதி வேலைக்கு அவள் போட்ட விண்ணப்பம் பெட்டிக்குள் இருந்தது. நாளைக்குள் போய்ச் சேர வேண்டியது. கேதீஸ்வரி வாசற்படியில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஜவுபர் தன் கடை வாசலில், எதுவும் தெரியாத முகத்தோடு.

"காக்கா," என்றான் நிலக்சன், "பெட்டிக்கு ஏன் விலங்கு போட்டீங்க? என்ன களவு செஞ்சது?"

சனம் சிரித்தது. பளீல் சிரிக்கவில்லை. கேதீஸ்வரிக்கு முன்னால் போய் நின்றார்.

"கேளுங்க மிஸ், எல்லாரும் இரிக்கக்குள்ள கேக்கிறன். இந்தக் கந்தோர ஆருக்குக் கொண்டுபோகப் பாக்கிறீங்க? படம் பிடிச்சீங்க, வாசல அளந்தீங்க, என்ட மகள்ட அறைக்குள்ள நாளாந்தம் போய் வாறீங்க. நான் படிக்காதவன்தான். ஆனா கண் பொட்டையில்ல."

கேதீஸ்வரி தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஷிப்லி மவுத்தான நாளிலிருந்து வெளி ஆம்பிளைகள் யாரும் கேளாத குரல்.

"சங்கிலியக் கழட்டுங்க வாப்பா. கந்தோர எடுக்கச் சொன்னது கேதீஸ் மிஸ் இல்ல. நான்தான்."

இத்தாப் பிள்ளையின் குரல் கேட்டதும் ஆம்பிளைகள் ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்து பின்வாங்கினார்கள். ஜவுபர் கடைக்குள் போய்க் கேத்தலைத் துடைக்கத் தொடங்கினான். பளீல் பூட்டைப் பிடித்தார். இருட்டில்கூடக் கடிதத்துக்கு வாசல் கண்ட கை. அன்றைக்குப் பூட்டின் துளை அகப்படவில்லை. கேதீஸ்வரிதான் திறப்பை வாங்கித் திறந்தாள். றொசானியின் கடிதத்துக்கு முத்திரை குத்தி நிலக்சனின் கையில் கொடுத்தாள். நிலக்சன் அந்தக் கடிதத்தையும் மிச்சத்தையும் பையில் கட்டி, மோட்டார் சைக்கிளை முறுக்கி, வானைத் துரத்திக்கொண்டு கல்முனைக்குப் பறந்தான். அன்றைய தபால் போய்ச் சேர்ந்தது. ஆனால் அந்த வீட்டிலிருந்து வானைத் தவறவிட்ட முதல் பை அது. தவறவிட்டவர் பளீல்.

அவர் திரையை விலக்கி உள்ளே போனார். றுகையா குசினி வாசலில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெனூபா வெள்ளை உடுப்பில், சுவரோடு சாய்ந்து இருந்தாள்.

"உனக்கும் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"தெரியும்."

"நீ போஸ்மிஸ்ஸா இருந்தவள்!"

"அதாலதான் தெரியும்," என்றாள் றுகையா, செதிலைச் சுரண்டியபடி. "இத்தின வருசத்துல ஒரு நாளாவது இந்த வீட்டுல நான் கால நீட்டிப் படுத்திருப்பனா, சொல்லுங்க? சோறு வடிக்கக்குள்ள ஒருத்தன் முத்திர கேட்டு வருவான். புள்ளைக்குப் பால் குடுக்கக்குள்ள ஒருத்தன் தந்தி எண்டு வருவான். நீங்க காலையில சைக்கிள்ல போயிருவீங்க. நான் எங்க போற? வீட்டுல இருந்து வீட்டுக்குத்தானே போற?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"ஆருக்கு? உங்களுக்கா? 'என்ட கந்தோர்' எண்டு நீங்க ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரிவீங்க. நான் என்னத்தச் சொல்ல?"

பளீல் மகளின் பக்கம் திரும்பினார். "நீயாவது எனக்கிட்டச் சொல்லியிருக்கலாம் மகள்."

"சொன்னா என்ன செய்வீங்க எண்டு எனக்குத் தெரியும் வாப்பா. இந்தா செஞ்சிருக்கீங்களே."

பளீல் கையிலிருந்த சங்கிலியைப் பார்த்தார். ஜெனூபா மெதுவாகச் சொன்னாள்.

"ஹிமாயாட வாப்பா மவுத்தான அண்டைக்கு, மையத்து இந்த நடு வீட்டுலதான் கிடந்திச்சி. அப்பவும் ஒரு ஆள் வந்து முன்னுக்கு நிண்டு, 'மிஸ், என்ட பார்சல் வந்திட்டா?' எண்டு கேட்டான். நான் கேட்டுட்டுத்தான் இருந்தன். நீங்க அவன ஏசுவீங்க எண்டு நினைச்சன். நீங்க ஏசல்ல வாப்பா. 'நாளைக்கு வா' எண்டு சொன்னீங்க."

மீன் சுரண்டுகிற சத்தம் நின்றது.

பளீலுக்கு அந்த ஆளின் முகம் ஞாபகம் வந்தது. அவனுடைய உம்மாவின் பேர்கூட ஞாபகம் வந்தது. "நாளைக்கு வா" என்று தன் வாயிலிருந்து வந்ததுதான் ஞாபகத்தில் இல்லை. மூச்சு விடுவது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"இத்தாவுக்குள்ளயும் ஒவ்வொரு ஆள்ட குரலும் கேக்குது," என்றாள் ஜெனூபா. "முத்திர வாங்க வாற ஆள், திர அசையுதா எண்டு பாக்கிறான். ஹிமாயா பெரிய புள்ளையாகிட்டா. முன்னுக்கு வர ஏலாம குசினிப் புகைக்குள்ள இருந்து படிக்கிறா. கந்தோர் எங்கயும் ஓடிப்போகல்ல வாப்பா. வீதிக்குப் போகுது. மேலிடத்துக்கு அனுப்பத்தான் கேதீஸ் மிஸ் படம் பிடிச்சா, அளந்தா. இத்தா முடிய நான் காலையில போவன், பின்னேரம் வருவன். வந்து கதவச் சாத்தினா, இது வீடு. எனக்கு அது போதும். கதவுதான் வேணும்."

"இது என்ட..." என்று தொடங்கினார் பளீல். வீடு ஜெனூபாவின் பேரில். அவளுடைய நிக்காஹ் அன்று சாட்சிகளை வைத்து, றுகையாவைக் கொண்டு உறுதி எழுதுவித்தவர் அவரேதான். தன் உழைப்பில் கட்டிய அறைகளையும் சேர்த்து. கதிரையும் அவளுடையது. யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் அவருடையது என்று சொல்ல, கொட்டிலில் கிடக்கிற சைக்கிளும் இப்போது கையில் இருக்கிற சங்கிலியும்தான்.

ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அப்ப, அண்டைக்கு அவ இஞ்ச இருந்து சிரிச்சது என்னத்துக்கு?"

ஜெனூபாவின் முகத்தில், இத்தனை மாதத்துக்குப் பிறகு, ஏதோ ஒன்று இளகியது. "வந்த முதல் நாளே அவட அம்மாட பேரக் கேட்டீங்களாமே. அதச் சொல்லித்தான் சிரிச்சம். ஆளு கதிரையில இருந்து, அவ எச்சில் தொட்டு முத்திர ஒட்டுறதையும் பாத்துட்டு இரிக்காராம்."

இத்தா முடிந்தது. கேதீஸ்வரி தன் ஊருக்குத் திரும்பினாள். போகும்போது, "காக்கா, கனகம்மாட மகள் போய் வாறன்," என்றாள். பளீல் தலையை மட்டும் ஆட்டினார். அவள் போன பஸ் சரியான பஸ்தானா என்று எட்டியும் பார்த்தார்.

பலகையும் மேசையும் லொறியில் போயின. சிவப்புப் பெட்டியை மட்டும் அவர் யாரையும் தொட விடவில்லை. பழைய சைக்கிளின் பின்னால் வைத்து, அதே சங்கிலியால் கட்டி, பிரதான வீதிவரை உருட்டிக்கொண்டு நடந்தே போனார். புது அறையைச் சுற்றிப் பார்த்தார். ஷட்டர் இறங்கும்போது இழுக்கிறது என்றார். வெள்ளை அடித்தவன் ஒரு பூச்சோடு நிறுத்திவிட்டான் என்றார். பின்னேர வெயில் மேசையில் விழும் என்றார். விழுந்தது. ஆணியைத் தானே அடித்துப் பெட்டியை மாட்டி, இழுத்துப் பார்த்தார்.

வீட்டில் நிலைக்கு ஒரு கதவு போட்டார்கள். விறாந்தையில் ஹிமாயா மேசை போட்டுப் படிக்கிறாள். வாசலில் யாரும் வந்து "மிஸ்" என்று கூப்பிடவில்லை. அந்த அமைதி பளீலுக்குச் சந்தேகமாக இருந்தது. தபால் ஒழுங்காகப் போகிறதா, வருகிறதா? ஷட்டருக்குள் என்ன நடக்கிறதென்று யார் கண்டது?

ஒரு காலை அவர் ஒரு உறையை வாங்கிக்கொண்டு புதுக் கந்தோருக்குப் போனார். பலகையில் சாய்ந்து நின்று, பேனையை எடுத்து, ஆறுதலாக முகவரி எழுதத் தொடங்கினார். பளீல். அடுத்த வரியில், கை பழக்கத்தில், உப தபால் கந்தோர் என்று எழுதிக்கொண்டு போனது. நின்றார். கந்தோர் இங்கே இருக்கிறது. அவர் இருப்பது இங்கே இல்லை. ஆயுள் முழுக்க ஊரானுக்கெல்லாம் முகவரி சொன்ன மனிதன், தன் முகவரிக்குப் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற ஆள் தொண்டையைச் செருமினான். பளீல் எழுதியதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, கீழே எழுதினார்: ஜெனூபா வீடு, கடற்கரை ஒழுங்கை.

"பதிவுத் தபால்," என்று நீட்டினார்.

ஜெனூபா வாங்கிப் பார்த்தாள். முகவரியை இன்னொரு தரம் பார்த்தாள். "உள்ளுக்கு என்ன வாப்பா?"

"அதக் கேக்க உனக்கு அதிகாரம் இல்ல."

உள்ளே ஒன்றும் இல்லை. அவள் தொம்மென்று முத்திரையைக் குத்தினாள்.

மறுநாள் பளீல் அந்தக் கடிதத்துக்காகக் கேற்றடியில் நின்றார். வரவில்லை. நிலக்சனின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையைக் கடந்து பெரியநீலாவணைப் பக்கம் போனது. அவருடைய கணக்கு முழுவதும் அன்று இரவு சரியாகிவிட்டது: எல்லாம் குழம்பிப்போயிற்று, அவர் நினைத்த மாதிரியே.

அதற்கு மறுநாள் மோட்டார் சைக்கிள் கேற்றடியில் நின்றது. நிலக்சன் இறங்கவில்லை. ஒற்றைக் காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, உறையை மேலும் கீழும் பார்த்தான்.

"பளீல் எண்டு ஒரு ஆளுக்கு வந்திருக்கு. உங்கட உம்மாட பேர் என்ன காக்கா?"

"டேய்! என்னத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும்," என்றான் நிலக்சன், சிரிக்காமல். "தபாலுக்குத் தெரியாது."

எதிர்க் கடையில் ஜவுபர் கேத்தலைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினான். ஹிமாயா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். பளீல் ஒழுங்கையின் அந்த முனையையும் இந்த முனையையும் பார்த்தார். இந்த ஊருக்குப் பெட்டியோடு வந்து இத்தனை காலம்; இந்தக் கேள்வியை அவரிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

"சல்மா உம்மா," என்றார். குரல் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, உரத்து இன்னொரு தரம் சொன்னார். "சாய்ந்தமருது சல்மா உம்மா."

"சரி. இஞ்ச ஒரு கையெழுத்து."

கையெழுத்துப் போட்டார். உறையைப் புரட்டி, ஒட்டிய இடம் பிரிந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். முத்திரையின் திகதியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"ஒரு நாள் பிந்தி வந்திருக்கு," என்று சொல்லிவிட்டு, கேற்றைப் பூட்டிக்கொண்டு உள்ளே போனார்.